பதினோரு மீனை ஏரியில் விட்டவர்

அவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரைக் கேட்டுவிட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும், வந்து அளவு எடுங்கள் என்று வருடத்துக்கு ஒருத்தராவது வந்து நிற்பார். அவர் சிரித்துக்கொண்டே, "நம்ம தொட்டியில மீன்தாங்க குடியிருக்கும், மனுஷங்க குளிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பு மீன் வைத்திருக்கும் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல், வசதியான வீடு என்று முப்பது இடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஸ்கூட்டரில் இரண்டு வாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு கை வலை, பாசி தேய்க்கிற பஞ்சு. இவ்வளவுதான் அவருடைய தொழில். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து இழுப்பார். தண்ணீர் வந்து உதட்டைத் தொடுவதற்குள் வாளிக்கு மாற்றிவிட வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை முறை மாற்றத் தவறினாரோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். "இந்த ஊர்ல பெரிய மனுஷங்க வளர்க்கிற மீன் குளிச்ச தண்ணி பூரா என் வயித்துல இருக்கு" என்று மனைவியிடம் சொல்வார். "அதான் உங்களுக்குப் பசியே எடுக்கிறதில்ல" என்பாள் அவள்.

தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் கண் மூடுவார். 'உள்ளே இருக்கிற உயிருக்கு என் கையால் ஒரு கெடுதலும் வரக்கூடாது.' அந்த ஒரு வரிதான் வேண்டுதல். அதைச் சொல்லாமல் அவர் எந்தத் தொட்டியையும் தொட்டதில்லை.

எந்தத் தொட்டிக்குப் போனாலும் ஒரு டேங்க் கிளீனர் மீன் இருக்கும். பார்த்திருப்பீர்கள். கறுப்பும் பழுப்புமாக, உடம்பெல்லாம் எலும்புத் தகடு அடுக்கி, சட்டை போட்ட மாதிரி இருக்கிற கெளுத்தி. வாய் அடிப்பக்கம் வட்டமாக இருக்கும். கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். ஆள் இல்லாத அறையில் காதைக் கொடுத்தால் கேட்கும், கரக், கரக் என்று. அந்தக் காலத்தில் அவருக்கு அது பிடித்த சத்தம். "என் கூட்டாளி. நான் வராத நாள்ல அவன்தான் டூட்டி பார்க்கிறான்" என்பார்.

சட்டை போட்ட கெளுத்தியில் பல ஜாதி உண்டு என்று மீன் கடைக்காரர் அவருக்குச் சொல்லியிருந்தார். கட்டைவிரல் அளவுக்கு மேல் வளராத, மீசை வைத்த சின்னது ஒன்று. அது மணலைக் கிளறிக்கொண்டு கூட்டமாகத் திரியும். மூக்கின் மேல் தாடி முளைத்த மாதிரி ஒன்று. முதுகில் பாய் விரித்த மாதிரி துடுப்பு உள்ள பெரியது ஒன்று. எல்லாம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற பெரிய ஆறுகளில் பிறந்தவை. சிலது ஆற்றில் விழுந்த மரத்தைச் சுரண்டும், சிலது மணலிலேயே வாழும். பாய்த் துடுப்புக்காரன் மட்டும் சேற்றுக் கரையில் துளை போட்டுக் குடியிருப்பானாம். கடைகளில் அதிகம் விற்பது அவன்தான். விரல் நீளத்தில் வாங்கி விடுவார்கள். இரண்டே வருடத்தில் முழங்கை நீளம் வளர்ந்து, தொட்டியில் திரும்ப இடம் இல்லாமல் மற்ற மீனை முட்டித் தள்ளும். வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். "இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

எங்கே எடுத்துக்கொண்டு போவது? கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் இல்லாத வாளியில் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்த வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் குப்பையில் கொட்டுவார்கள். யாரும் கையால் கொன்றதாக ஆகாது.

அவரும் ஒரு தடவை அப்படித்தான் செய்தார். அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்.

பல் டாக்டருடைய க்ளினிக்கில் ஒரு பெரிய மீன் இருந்தது. அது குட்டியாக இருந்தபோது, அழகுக்கு வைத்த பிளாஸ்டிக் கப்பலின் ஜன்னலுக்குள் நுழைந்து, வளர வளர அங்கேயே மாட்டிக்கொண்டது. இரும்பு அறுக்கிற சின்ன ரம்பத்தால் அவர் கப்பலை அறுத்து அதை வெளியே எடுத்தார். நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னால் தகடுகள் நெரிந்து, அரைஞாண் கயிறு இறுக்கிய மாதிரி ஒரு பள்ளம் நின்றுவிட்டது. ரம்பம் நழுவியதில் முதுகில் குறுக்கே நேர்க்கோடாக ஒரு தழும்பு. டாக்டர் க்ளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றியபோது தொட்டி வேண்டாம் என்றுவிட்டார். சின்ன மீன்களைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். இது மிஞ்சியது.

அதை ஒரு சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, அன்றைக்கு இன்னும் நாலு தொட்டி பார்த்தார். சாக்கு இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வெயில் சாய்ந்ததும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். குப்பையில் போட மனம் வரவில்லை, குழி தோண்டிப் புதைக்கலாம் என்று சாக்கைப் பிரித்தார்.

மீன் அவரைப் பார்த்தது. அந்த மீனுக்குக் கண்ணுக்குள் ஒரு சின்னத் திரை உண்டு. வெளிச்சம் பட்டால் இறங்கும். அந்தத் திரை மெல்ல இறங்கியது. செவுள் ஒரு தடவை தூக்கி அடங்கியது.

காலையிலிருந்து தண்ணீர் இல்லை. வேறு எந்த மீனும் கால் மணி நேரம் தாங்காது. இந்த ஜாதி காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துப் பிழைக்கும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், சாக விட்ட உயிர் சாகவில்லை, ஆண்டவன் இதைக் காப்பாற்றி என் கையில் திருப்பிக் கொடுக்கிறான் என்பதுதான். தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் விட்டார். கொஞ்ச நேரம் அவர் காலடியிலேயே கிடந்தது. பிறகு சேற்றைக் கலக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அவர் மனம் இருந்த லேசு, கோயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்தாலும் வராது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வக்கீல் ஆபீஸ் மீன், ஓட்டல் மீன், கண் ஆஸ்பத்திரி மீன் இரண்டு என்று நாலு வருடத்தில் பதினொன்று. ஒவ்வொன்றையும் விடும்போது ஒரு வேண்டுதல். 'நான் ஒண்ணும் பெரிசா தர்மம் பண்ணலை. இந்தப் பதினோரு உயிரை மட்டும் கணக்குல வெச்சுக்கோ' என்று கும்பிடும்போது சொல்வார்.

ஏரிக்கு அக்கரையில் இருந்தான் அவருடைய மச்சினன். பெற்றவர்கள் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காவும் மாமாவும்தான் வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்த இடத்திலும் அவன்தான். வளர்ந்ததும் மீன்பிடிக் குழுவில் சேர்ந்து, சொந்தமாக ஒரு படகும், கரை ஓரமாக வலை வைக்க ஒரு கொட்டகையும் வைத்துக்கொண்டான். விடுமுறை நாளில் அக்கா கையால் சாப்பிட வந்துவிடுவான்.

ஒரு நாள் கையில் பையோடு வந்தான். "மாமா, நீங்க மீன் ஆளாச்சே. வலையில மாட்டுச்சு. இது என்ன ஜந்து, பாருங்க."

பையைத் திறந்து பார்த்தார். கறுப்பு, பழுப்பு, தகடு, பாய்த் துடுப்பு. உள்ளங்கை அளவுதான் இருந்தது. அவர் விட்டது எதுவும் அவ்வளவு சின்னது இல்லை. அப்படியானால் இது ஏரியிலேயே பிறந்தது.

"தெரியலையேப்பா" என்றார்.

"என்னங்க, உங்க தொட்டியில சுரண்டுமே, அது மாதிரி இல்ல?" என்றாள் மனைவி, சோற்றுக் கரண்டியோடு எட்டிப் பார்த்து.

"அது வேற, இது வேற" என்று எழுந்து கை கழுவப் போனார். பாதிச் சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது.

அன்றோடு ஏரியில் விடுவதை நிறுத்தினார். ஆனால் விட்டது விட்டதுதான். அடுத்த வருடம் ஒவ்வொரு வலையிலும் ஐந்தாறு. அதற்கடுத்த வருடம் கூடை கூடையாக. தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. துடுப்பின் முள் வலைக்கண்ணில் பூட்டிக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஊர் மீன் முட்டையிடுகிற இடத்தையெல்லாம் சுரண்டித் தின்றுவிட்டது. அடித்துக் கரையில் போட்டாலும் காலையில் உயிரோடு கிடக்கும். படகுக்காரர்கள் அதற்குப் பேய்க்கெளுத்தி என்று பெயர் வைத்தார்கள்.

பழி யார் மேலாவது விழ வேண்டுமே. வருடா வருடம் ஏரியில் மீன்குஞ்சு விடுகிற பண்ணைக்காரர் மேல் விழுந்தது. குஞ்சோடு குஞ்சாக இதையும் கலந்து கொண்டுவந்துவிட்டார் என்றார்கள். மூன்று வருடமாக அவரிடம் குஞ்சு வாங்குவதில்லை. அதில் அதிகம் சத்தம் போட்டது மச்சினன்தான். பண்ணைக்காரர் ஒரு தடவை தன் மனைவியோடு வந்து, "என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் கொண்டு வரலப்பா" என்று கொட்டகை வாசலில் நின்றாராம். அதை மச்சினனே வந்து சொன்னான். "நடிக்கிறான் மாமா. கண்ணுல தண்ணி வேற. என்னா நடிப்பு."

தொட்டிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அதுவும் ஒரு பொய்தான், வாய் திறக்காத பொய்.

சத்தம் அப்போதுதான் தொடங்கியது. முதலில் கும்பிட உட்காரும்போது. கண்ணை மூடினால் போதும், கரக், கரக். பிறகு வேலை செய்கிற இடத்தில். தன் பொறுப்பில் இருந்த முப்பது தொட்டியிலிருந்தும் பாய்த் துடுப்புக்காரனைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கட்டைவிரல் அளவு மீசைக்காரனை விட்டிருந்தார். அது கண்ணாடியைத் தொடவே தொடாது. ஆனாலும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால், மறுபக்கத்திலிருந்து யாரோ அதே இடத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். 'உள்ளே இருக்கிற உயிருக்கு' என்று தொடங்குவார். அதற்கு மேல் நாக்கு நகராது. வரியை முடிக்காமலேயே கையை உள்ளே விடப் பழகிக்கொண்டார்.

"உனக்கு ஏதாச்சும் சுரண்டுற சத்தம் கேக்குதா?" என்று மனைவியிடம் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"எலியா இருக்கும்" என்று அவள் பொறி வாங்கி வைத்தாள். பத்து நாள் தேங்காய்த் துண்டு காய்ந்ததுதான் மிச்சம். "உங்க எலிக்குத் தேங்காய் பிடிக்கலை போல" என்று பொறியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

இந்த வருடம் மழை பொய்த்தது. ஏரி இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் மச்சினன் போன் செய்தான். "மாமா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. கொட்டகையோட ஒரு மூலை உக்காந்துருச்சு. கரைய வந்து பாருங்க, நம்ப மாட்டீங்க. இன்னைக்குச் சாயங்காலம் குழுக் கூட்டம். இதை வெச்சு அந்தப் பண்ணைக்காரனை ஒரேயடியா முடிச்சிடலாம்."

போனார். கொட்டகையின் ஒரு கால் மண்ணுக்குள் அரையடி இறங்கி, கூரை தலை சாய்ந்து நின்றது. மச்சினன் அவரைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கீழே, தண்ணீர் வற்றிய சேற்றுக்கு இறக்கினான்.

கரையின் மண்சுவர் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. அது முழுக்கத் துளை. கை நுழைகிற அளவுக்கு, மேலும் கீழுமாக, ஒன்றை ஒட்டி ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். உள்ளே ஈர இருட்டு. வாய் திறந்த மாதிரி எல்லாம் அவரைப் பார்த்தே திரும்பியிருந்தன. மீன் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. சேற்றுக் கரையில் துளை போட்டுக் குடியிருப்பான்.

கரக், கரக்.

வழக்கம்போல் அவர் அதைக் கேளாத மாதிரி நின்றார்.

"உங்களுக்கும் கேக்குதா மாமா?" என்றான் மச்சினன்.

அவர் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். "என்னது?"

"சத்தம். உள்ள உக்காந்துக்கிட்டு முள்ளைத் தேய்க்கும். தண்ணி வத்தினாலும் சாகாது, ஈரம் இருந்தா போதும் அதுக்கு. அப்பா மீன் உள்ள முட்டையைக் காத்துக்கிட்டு இருக்கும். இங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்கும். ராத்திரி படுத்தாலும் காதுலயே இருக்கு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "விடியக்காலையில ஒண்ணு பிடிச்சேன். இருக்கிறதுலயே கிழவன் இதுதான். தலைவருக்குக் காட்டலாம்னு வெச்சிருக்கேன்."

படகின் அடியில் கிடந்த கோணியை இழுத்துப் பிரித்தான்.

தகடெல்லாம் கறுத்துப் பாசி படிந்திருந்தது. முழங்கையைவிடப் பெரிசு. நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னால் அரைஞாண் இறுக்கிய மாதிரி ஒரு பள்ளம். முதுகில் குறுக்கே நேர்க்கோடு. எந்த முள்ளும் எந்தக் கல்லும் அவ்வளவு நேராகக் கிழிக்காது. வெயில் பட்டதும் கண்ணுக்குள் இருந்த திரை மெல்ல இறங்கியது.

தொட்டிக்காரர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா, தலை சுத்துதா? காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

"இது பல் டாக்டர் க்ளினிக் மீன்" என்றார்.

"எந்தப் பல் டாக்டரு?"

"இந்தக் கோடு நான் ரம்பத்துல அறுத்தது. இதை நான்தான் ஏரியில விட்டேன், தம்பி. பண்ணைக்காரர் இல்ல. நான்."

மச்சினன் முதலில் சிரித்துவிட்டான். மாமா தமாஷ் செய்கிறார் என்று நினைத்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"எத்தனை விட்டீங்க?"

"பதினொண்ணு."

"பையில கொண்டாந்து காட்டினேனே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு வருஷம் மாமா" என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த ஆளு என் கால்ல விழ வந்தாரு. நான் காலை இழுத்துக்கிட்டேன். அதை உங்ககிட்டத்தானே வந்து சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"சாக விட மனசு வரலப்பா. ஆண்டவனே கையில குடுத்த மாதிரி..."

"ஆண்டவனை விடுங்க. பின்னால தெரிஞ்சுதே, அதைச் சொல்றதுக்கு என்ன?"

அதற்கு அவரிடம் இருந்தது ஒரே பதில்தான். "நீ வீட்டுக்கு வராம போயிடுவியோன்னு பயம்."

மச்சினன் கோணியை மீனின் மேல் மறுபடி போட்டான். கரை ஏறிப் போய்விட்டான்.

சாயங்காலம் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொன்னார். மனைவி பக்கத்தில் நின்றாள். மதியம்தான் அவளுக்கே தெரிந்தது. அழுது முடித்த முகம். பின்னால் இருந்து ஒருவர், "ஊர்ல இருக்கிற தொட்டி போதாதுன்னு ஏரியையே தொட்டியாக்கிட்டாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தொட்டிக்காரர் கை கூப்பினார். அந்த 'ஐயா' அவரை அடித்த அடி, பேசிய மற்ற எல்லாப் பேச்சையும்விடப் பலமானது.

குழுத் தலைவர் கடைசியில் சொன்னார். "அபராதம் போட்டு என்ன ஆகப்போகுது. மழைக்கு முன்னாடி துளையை எல்லாம் காலி பண்ணணும். அதோட குணம் தெரிஞ்ச ஆள் நீங்க. நீங்களே இறங்குங்க."

மறுநாள் காலை அவர் கரைக்குப் போனபோது மச்சினன் முன்னாலேயே வந்திருந்தான். ஒரு கடப்பாரை, கோணி, கைப்பிடி தேய்ந்த ஒரு மரக்கட்டை மூன்றையும் அவர் முன்னால் வைத்தான். பிறகு படகிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்தான். உள்ளே பல் டாக்டர் க்ளினிக் மீன். இன்னும் உயிரோடுதான் இருந்தது.

"முதல்ல இது" என்றான்.

மழைக்கு முன் எத்தனை வரப்போகிறதோ, யாருக்குத் தெரியும். ஆனால் இது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த முகம். ரம்பத்தால் உயிர் கொடுத்து, சாக்கில் சாக விட்டு, கையால் மறுபடி உயிர் கொடுத்தது. இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதன் தகட்டில் உள்ளங்கையை வைத்துக் கண் மூடினார். மூன்று வருடமாக முடியாமல் நின்ற வரி வேறு மாதிரி வந்தது. 'இந்த உயிருக்குக் கெடுதல் என் கையாலதான் வருது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.'

கட்டையை ஒரு தடவைதான் தூக்கினார்.

பிறகு முதல் துளைக்குள் கையை விட்டார். தோள் வரை போனது. உள்ளே குளிர்ந்த தகடு விரலில் பட்டது. வேறு மீனாக இருந்தால் பின்னால் நழுவி ஓடும். இது ஓடவில்லை, முள்ளை விரித்து மண்ணில் பூட்டிக்கொண்டு இறுகியது. அதன் வயிற்றுக்குக் கீழே வழவழவென்று முட்டைக் கொத்து. அப்பாக்காரன் விட்டுவிட்டுப் போக மாட்டான் என்று அவருக்குத் தெரியும். முள் இருக்கும் பக்கம் விரலைக் கொடுத்து மடக்கினால் பூட்டு கழன்றுவிடும் என்பதும் தெரியும். இத்தனை வருடத் தொழில் அது. மடக்கினார். வெளியே இழுத்தார். கையில் ரத்தம் வந்தது, அவருடையதுதான்.

வெயில் ஏறும்போது கோணி பாதி நிறைந்திருந்தது. மச்சினன் அந்தப் பக்கம் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தான். பத்துத் துளை குத்தினால் எட்டு காலியாக இருந்தது. அவன் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தான். இவர் பக்கம் திரும்பாமல், மண்சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"எந்தத் துளையில சத்தம் கேக்குது மாமா?"

அவர் சேற்றில் முழங்காலிட்டு, ஈர மண்ணில் காதை வைத்தார். கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

"இதுல" என்றார். "அப்புறம் அதுக்கு மேல இருக்கிறது. அதுக்குப் பக்கத்துலயும்."